அட்டையில் வெட்டிய கோணம்

எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டிவிட்டு வெகு நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். நரைத்த தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்த அந்த அம்மாள் அளந்துதான் பேசுவார் என்று வெளியே காத்திருந்தவர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். கடைசியில் திரும்பி ஒரு கேள்வி கேட்டார்.

"நீங்க அதிகமா போடுற செருப்பு எது?"

காலர் அக்காவுக்குப் புரியவில்லை. பதினான்கு மாதமாக எத்தனையோ கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பழகியிருந்தாள். வலி ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு, சர்க்கரை உண்டா, மாடிப்படி எத்தனை. செருப்பை யாரும் விசாரித்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவரைப் பார்த்தாள். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சட்டை தைக்கும் தொழிற்சாலையில் காலர் வைப்பது அவள் வேலை. பத்தொன்பது வருஷமாக ஒரே வரிசை, ஒரே மெஷின். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் மிச்சம். மற்றபடி வாட்ச்மேன் முதல் மேனேஜர் வரை எல்லோருக்கும் அவள் காலர் அக்கா. கணவர்கூடச் சில நாள் வாய் தவறி "காலர், தண்ணி கொண்டா" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார்.

போன வருஷம் துணி ரோல்கள் ஏற்றிய தள்ளுவண்டி ஒன்று சரிவில் தானாக உருண்டு வந்து அவள் வலது கணுக்காலைச் சுவரோடு வைத்து நசுக்கியது. முதல் ஆபரேஷனில் காலுக்கு வெளியே ஒரு கம்பிக் கூடு. இரண்டாவதில் தகடும் திருகுகளும். எலும்பு கூடியதென்னவோ உண்மை. ஆனால் அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் உள்ளே யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது போல வலி.

"இங்க பாருங்க" என்று டாக்டர் படத்தில் பேனாவை வைத்தார். "மேல இருக்கறது கீழ்க்காலெலும்பு. அடியில கணுக்கால் எலும்பு. ரெண்டுக்கும் நடுவுல ஒரு கோடு மாதிரி இடைவெளி தெரியணும். உங்களுக்கு இல்ல. எலும்பும் எலும்பும் உரசுது. தேஞ்சதைச் சுரண்டிட்டு, இடுப்புலேருந்து கொஞ்சம் எலும்பு எடுத்து நடுவுல வெச்சு, திருகு போட்டு ரெண்டையும் சேத்துப் பூட்டிடறேன். நாலு மாசத்துல ஒரே எலும்பா ஆயிடும். வலி போயிடும். ஆனா அந்த மூட்டு அசையாது."

"எவ்வளவு நாளைக்கு அசையாது டாக்டர்?"

"எப்பவுமே."



"அதுக்குத்தான் செருப்பு" என்றார் டாக்டர். "எந்தக் கோணத்துல பூட்டறேனோ, மிச்ச காலம் பூரா பாதம் அந்தக் கோணத்துலதான் நிக்கும். சாதாரணமா தொண்ணூறு டிகிரி. தரையில தட்டையா நிக்கற மாதிரி. குதிகால் உசந்த பூட்ஸே கதின்னு இருக்கறவங்களுக்கு முன்பாதத்தை ரெண்டு மூணு டிகிரி இறக்கி வெப்பேன். வர்ற வியாழக்கிழமை ஆபரேஷன். அதுக்குள்ள செருப்பைக் கொண்டு வாங்க."



"டாக்டர், என் கால் செருப்புல இருந்ததைவிட பெடல்ல இருந்ததுதான் அதிகம்."

டாக்டர் பேனாவை மூடினார்.

"தையல் மெஷின் பெடல். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம். பெடல் மேல வெச்சா எப்படி உக்காருமோ அந்த மாதிரி பூட்டிடுங்க. செருப்பு எதுவா இருந்தாலும் நான் பாத்துக்கறேன்."

"எந்தக் கோணத்துல வெச்சாலும் கணுக்கால் மிதிக்காது. தொடையால மிதிக்கணும். நடுப்பாதத்துல கொஞ்சம் அசைவு மிச்சமிருக்கும், அவ்வளவுதான்."

"அதைக் கத்துக்கறேன். முதல்ல கால் பெடல்ல படிஞ்சு உக்காரணும் இல்லையா?"

"வீட்டுல வெறுங்காலோட நடக்கணுமே."

"நடந்துக்கறேன்."

டாக்டர் அவளையே பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. முடியாது என்று சட்டென்று சொல்லிவிடும் ஆளாகவும் தெரியவில்லை. "பெடல்ல பாதம் எத்தனை டிகிரி இறங்கியிருக்குன்னு அளந்துட்டு வாங்க. பார்க்கலாம்" என்றார்.

ஆட்டோவில் திரும்பும்போது கணவர் பேசவில்லை. அவர் பார்சல் ஆபீசில் பெட்டி கட்டுகிறவர். உடைகிற சாமானைச் சுற்றி என்ன வைக்க வேண்டும் என்று சதா யோசித்து யோசித்து, வாய்ப் பேச்சுக்கும் அதே பழக்கம் வந்துவிட்டது. வீட்டு வாசலில் இறங்கி, அவளுக்கு ஊன்றுகோலை எடுத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"அடுப்படியிலயும் நிக்கணும். அதையும் யோசிச்சுக்கோ."

"அடுப்படியில எத்தனை மணி நேரம் நிக்கறேன்? அங்க எத்தனை மணி நேரம் உக்காந்தேன்? கணக்குப் பண்ணிப் பாருங்க."

அவர் கணக்குப் பண்ணவில்லை. கதவைத் திறந்தார்.

அவளுக்கு இதை யாரிடமும் விளக்கிச் சொல்ல வரவில்லை. காலர் தைக்கும்போது ஊசி ஓடி ஓடி வந்து, முனையில், சரியாக முனையில், நிற்க வேண்டும். ஒரு தையல் முன்னே நின்றால் முனை மழுங்கும். ஒரு தையல் தாண்டினால் கொம்பு போல நீட்டிக்கொள்ளும். நின்றதும் துணியைத் திருப்பி மறுபடி ஓட வேண்டும். பார்க்கிறவர்கள் அவள் விரல்களைத்தான் பாராட்டுவார்கள். அந்த நிறுத்தம் விரலில் இல்லை, வலது கணுக்காலில் இருந்தது. அவளுக்குக்கூட அது தெரியாது, தள்ளுவண்டி வந்து மோதும் வரை. பதினான்கு மாதமாக ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவில் போகிறவர்களின் காலர்களைப் பார்க்கிறாள். இது நம்ம வரிசையில் தைத்தது இல்லை, இது அவசரத்தில் தைத்தது, இதைத் தைத்தவளுக்கு அன்றைக்கு மனசு சரியில்லை. பார்த்துப் பார்த்துச் சாயங்காலம் ஆகிவிடும். வலி போய், காலும் தட்டையாய்ப் போய், அந்த நாற்காலியில் இனி உட்கார முடியாது என்று ஆகிவிட்டால், ஜன்னல்தான் மிச்சம். அதை நினைத்தால் அவளுக்குக் கால் வலியே தேவலாம் போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுப்படியில் தடால் என்று சத்தம் கேட்டது. ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தாள். கணவர் பாத்திர அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். வலது காலில் முழங்காலுக்குக் கீழே இரண்டு அட்டைகளை வைத்து, பார்சல் டேப்பால் சுற்றிச் சுற்றி ஒட்டியிருந்தார். பாதம் முன்பக்கமாகச் சரிந்து, விரல் நுனி தரையில் ஊன்ற, குதிகால் அந்தரத்தில் இருந்தது.

"என்ன வேஷம் இது?"

"சும்மா. நடந்து பாக்கலாம்னு."

தண்ணீர் நிரம்பிய பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அடுப்புக்குப் போனார். நாலு அடிதான். ஒவ்வொரு அடிக்கும் முழங்கால் பின்பக்கமாய் வெட்டிக்கொண்டது. பாதித் தண்ணீர் தரையில்.

"எப்படி இருக்கு?"

"நடக்கலாம்."

பிறகு நாற்காலியில் உட்கார்ந்து டேப்பைப் பிரித்தார். ரோமத்தோடு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டார். அரைமணி கழித்தும் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தவரிடம் அவள், "வேண்டாம்னு சொல்றீங்களா?" என்று கேட்டாள்.

"நான் ஒண்ணும் சொல்லல. முட்டிதான் என்னமோ சொல்லுது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் அழுகை வரும் போல இருந்ததால் எழுந்துபோய்த் தரையைத் துடைக்கத் துணி தேடினாள்.

அளவெடுக்கும் வேலை நாத்தனாருடையது. கணவரின் தங்கை அதே தொழிற்சாலையில் செக்கிங் பிரிவில் இருக்கிறாள். முடிந்த சட்டைகளைப் பார்த்து, குறை இருந்தால் தூக்கிப் போடுவது அவள் உத்தியோகம். அந்தப் பார்வை வீட்டுக்கும் கூடவே வரும். அண்ணி கட்டிய திரைச்சீலை ஒரு பக்கம் அரை விரல் இறக்கம் என்று கல்யாணமான புதிதில் சொன்னவள். ஆனால் காலில் கம்பிக் கூடு இருந்த மூன்று மாதமும் தினம் இரண்டு வேளை வந்து, கம்பி நுழைந்த இடங்களைப் பஞ்சால் சுத்தம் செய்தவளும் அவள்தான். அண்ணிக்கும் அவளுக்கும் ஒரே உயரம். ஒருத்தி துணி இன்னொருத்திக்குச் சேரும். அதனால் திங்கட்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் காலர் மெஷினில் உட்கார்ந்து, பெடலில் கால் வைத்து, பாதத்துக்கும் முழங்காலுக்குக் கீழே இருக்கும் எலும்புக்கும் நடுவில் என்ன கோணமோ அதை அட்டையில் வெட்டிக் கொண்டு வருவதாக ஏற்பாடு. சட்டைக்குப் பேட்டர்ன் வெட்டுவது போல.

சாயங்காலம் அட்டை வந்தது. பாதத்துக்கு ஒன்று, காலெலும்புக்கு ஒன்று என்று இரண்டு கையுள்ள அட்டை. வெட்டு சுத்தமாக இருந்தது.

"மொத்த வரிசையும் வேடிக்கை பார்த்துச்சு அண்ணி. காலுக்கெல்லாம் பேட்டர்ன் வெட்டற கம்பெனி ஆயிட்டோமான்னு சூப்பர்வைசர் கேக்கறான். எங்க அண்ணி ஒத்தக்கால்ல நிக்கறா, நான் என்ன பண்ணன்னு சொன்னேன்."

காலர் அக்கா அட்டையை வாங்கித் தன் நல்ல காலில், இடது காலில், வைத்துப் பார்த்தாள். அட்டைக்குச் சரியாக வரவேண்டுமானால் கட்டிலுக்கடியில் எதையோ துழாவுவது போல விரல்களை நீட்ட வேண்டியிருந்தது.

"இவ்வளவு இறக்கமாவா இருக்கும்?"

"ரெண்டு தடவை அளந்தேன். அரை மில்லி தப்பினா சட்டையைத் தூக்கிப் போடறவ நான். என்கிட்டயா?"

அதுவும் சரிதான் என்று பட்டது. பதினான்கு மாதம் ஆகிவிட்டது. அளவு மாறியிருக்காது, கால்தான் மறந்துபோயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். பத்தொன்பது வருஷப் பழக்கம் இவ்வளவு சீக்கிரம் மறந்துபோகுமா என்பதுதான் வருத்தமாக இருந்தது. 

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். டாக்டர் ஒரு அளவுகோலை அட்டையின் மேல் விரித்து வைத்தார்.

"பதிமூணு டிகிரி இறக்கம். முடியாது."

"டாக்டர்..."

"இப்படிப் பூட்டினா நீங்க தெருவுல போறதே நின்னுடும். ஆறு வரைக்கும் போவேன். அதுக்கு மேல ஒரு நூல்கூட நகர மாட்டேன். ஆறுக்கே, எப்பவும் குதிகாலுக்கு மேடு வெச்ச செருப்பு போட்டாகணும், குளிக்கற இடத்துலயும். இல்லேன்னா முழங்கால் பின்னாடி தள்ளித் தள்ளிப் பத்து வருஷத்துல அது கெட்டுப்போகும்."

ஆறு. பெடலுக்குப் பாதி வழி. மீதியை இடுப்பை வளைத்தாவது ஈடுகட்டிக்கொள்ளலாம் என்று அவள் கணக்குப் போட்டாள்.

"ஆறே வெச்சுடுங்க."

டாக்டர் கணவரைப் பார்த்தார். கணவர் தன் தோள்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தார். "அவ கால்" என்றார். 

"நாளைக்குச் சாயந்திரம் ஆறு மணிக்கு ரவுண்ட்ஸ் வருவேன். அதுவரைக்கும் யோசிக்க நேரம் இருக்கு" என்று சொல்லிவிட்டு, டாக்டர் தாளில் ஆறு என்று எழுதினார். பேனாவால் எழுதவில்லை, பென்சிலால் எழுதினார். காலர் அக்கா அதைக் கவனித்தாள்.

புதன்கிழமை நாலு மணிக்குப் பார்வையாளர் நேரம் ஆரம்பித்தது. ஆறு கட்டில் போட்ட அறை. எதிர்க் கட்டிலில் இருந்த பாட்டுக்கார அம்மாள் இடுப்பெலும்பு முறிந்தும் ஓயாமல் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நாத்தனார் ஷிப்ட் முடிந்து நேரே வந்தாள். மேலெல்லாம் நூல் துணுக்கு. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஆரஞ்சை உரிக்க ஆரம்பித்ததும், தொழிற்சாலையின் அன்றைய செய்திகளும் சுளை சுளையாக வந்தன.

"இன்னிக்கு ஏணிக்கும் மெக்கானிக்குக்கும் ஒரே தகராறு."

ஏணி என்பது காலர் அக்கா போன பிறகு அவள் மெஷினில் உட்கார்ந்தவள். ஆறடிக்கு ஒரு விரல் குறைவு என்று கேள்வி. காலர் அக்கா அவளைப் பார்த்ததில்லை.

"என்ன தகராறு?"

"பெடலை இன்னும் தள்ளி வெக்கணுமாம். முட்டி இடிக்குதாம். வந்த முதல் வாரமே கூப்பிட்டு ஒரு தடவை தள்ளி வெச்சுக்கிட்டா. இப்ப மறுபடி. அவன் சொல்றான், இதுக்கு மேல தள்ளினா பக்கத்துத் தெருவுல போய்த்தான் மிதிக்கணும்னு. ஆனா செஞ்சு குடுத்துட்டான். என்ன திமிர் பாருங்க. நாமல்லாம் இருக்கற பெடலை மிதிக்கலையா?"

காலர் அக்கா நீட்டிய கையில் ஆரஞ்சுச் சுளை அப்படியே இருந்தது.

"முதல் தடவை எப்ப தள்ளி வெச்சான்?"

"அதான் சொன்னேனே. அவ வந்த முதல் வாரம். போன வருஷம்."

"நீ அளந்தது?"

"முந்தாநாள்."

நாத்தனாரின் விரல்கள் நின்றன. அவளுக்குத் தெரிந்த சங்கதிதான் எல்லாம். ஆனால் அதை ஏணியின் திமிர் என்று ஒரு பக்கமாய் ஒதுக்கி வைத்திருந்தாள். அட்டையோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. ஆறடிக்காரிக்காகத் தள்ளி வைத்த பெடலை எட்டிப் பிடிக்க, தன் கால் எப்படி நீண்டு, பாதம் எப்படிச் சரிந்திருக்கும் என்று இப்போதுதான் அவள் கண்ணுக்குத் தெரிந்தது.

"அண்ணி" என்றாள் மெதுவாக. "தூக்கிப் போட வேண்டியது என்னைத்தான்."

காலர் அக்கா அவளைத் திட்டவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். எதிர்க் கட்டிலின் முணுமுணுப்பு ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டுக்குப் போனது. நாத்தனார் ஆரஞ்சுத் தோலைச் சின்னச் சின்னதாகக் கிழித்தாள்.

"எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று கடைசியில் கேட்டாள் காலர் அக்கா.

"எதுக்கு?"

"பெடலைத் தள்ளி வெக்க."

"அதுக்கென்ன, ரெண்டு நிமிஷம். ஸ்பானர் போட்டு நட்டைத் தளத்தினான், தள்ளினான், முடுக்கினான். ஏணி எழுந்திரிக்கக்கூட இல்ல."

ரெண்டு நிமிஷம்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அந்த நாற்காலியில் முதன்முதலாக உட்கார்ந்த காலை அவளுக்கு ஞாபகம் வந்தது. முன்பு அந்த மெஷினில் இருந்தவர் ஒரு ஆள், நீளக் கால்காரர். பெடல் எட்டவில்லை. நாற்காலி நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள். ஒரு வாரத்தில் பழகிவிட்டது. ஒரு வருஷத்தில் வலது இடுப்பில் ஒரு பிடிப்பு வந்தது, அதுவும் பழகிவிட்டது. நட்டைத் தளர்த்தினால் பெடல் நகரும் என்பது தெரியாமல் இல்லை. மெக்கானிக் தினம் நாலு தடவை அந்த வழியாகப் போவான், கையில் ஸ்பானரோடு. அவனை நிறுத்தி இதைச் சொல்லலாம் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. இடுப்பையும் முதுகையும் தந்தாயிற்று, இப்போது கணுக்காலையும் பெடலின் அளவுக்கு வெட்டித் தருவதாக டாக்டரிடம் மன்றாடிக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்தபோது, வந்தது வெட்கமா கோபமா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 

"அவனுக்குப் போன் போடு" என்றாள்.

"யாருக்கு?"

"மெக்கானிக்குக்கு. தரையில தட்டையா நிக்கற கால், மடங்காது, அசையாது. அப்படி ஒரு காலுக்கு ஏத்த மாதிரி பெடலை வெக்க முடியுமான்னு கேளு."

நாத்தனார் போனை ஒலிபெருக்கியில் போட்டாள். மறுமுனையில் பஸ் இரைச்சல். விஷயத்தை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"காலர் அக்காவுக்கா?" என்றான் மெக்கானிக். "ஏன் முடியாது? பெடல் என்ன பூமியிலேருந்து முளைச்சதா? கிட்ட வெக்கலாம், தள்ளி வெக்கலாம், சாய்க்கலாம். மிதிக்கக் கணுக்கால் இல்லேன்னா ஸ்பிரிங்கைத் தளத்தி லேசாக்கிடலாம். தொடையால லேசா அழுத்தினாப் போதும். சும்மா உக்காந்ததும் ஓடாது, பொறுமையாப் பழகணும். முதல் நூறு காலர் கோணல்மாணலாத்தான் வரும், அதுக்கு நான் பொறுப்பில்ல."

"நூறா" என்றாள் காலர் அக்கா.

"யாரு, அக்காவா பேசறது? அக்கா, பத்தொன்பது வருஷமா உங்ககிட்டேருந்து ஒரு கம்ப்ளெயிண்ட் கிடையாது. உங்க மெஷின் மட்டும் ரிப்பேரே ஆகாதுன்னு ஸ்டோர்ல பெருமையாப் பேசிக்குவோம்."

அவள் கையிலிருந்த சுளையைப் பார்த்தாள். நாத்தனார்தான் "சரி, வெக்கறேன்" என்று போனை அணைத்தாள்.

ஐந்து மணிக்குக் கணவர் வந்தார். தங்கையின் முகத்தையும் மனைவியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நாத்தனார் மளமளவென்று எல்லாவற்றையும் சொன்னாள், தன் குற்றத்தை ஒரு இடத்திலும் மறைக்காமல். அவர் கேட்டு முடித்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். மூன்று பேரும் ஆறு மணி ஆவதற்காகக் காத்திருந்தார்கள்.

டாக்டர் வந்தபோது ஆறு பத்து. கையில் அதே தாள்.

"யோசிச்சீங்களா?"

காலர் அக்கா தலையணைக்குப் பக்கத்தில் இருந்த அட்டையை எடுத்து நீட்டினாள். "இது வேற ஒருத்தியோட பெடல், டாக்டர். தெரியாம வெட்டிக் கொண்டாந்துட்டோம்." கொஞ்சம் நிறுத்தினாள். "பெடலை நகர்த்திக்கலாமாம். காலைத் தட்டையாவே வெச்சுடுங்க."

"யார் சொன்னது, நகர்த்தலாம்னு?"

"மெக்கானிக்."

டாக்டர் தலையை ஆட்டினார். தன்னைவிடப் பெரிய டாக்டர் ஒருத்தர் எழுதிக் கொடுத்ததை ஏற்றுக்கொள்வது போல இருந்தது அது. கோட்டுப் பையில் ரப்பரைத் தேடினார். கிடைக்கவில்லை. ஆறை அடித்துவிட்டுப் பக்கத்தில் தொண்ணூறு என்று எழுதினார், இந்தத் தடவை பேனாவால்.

"அப்ப செருப்பைப் பார்க்கணுமே. தட்டைன்னாலும் எவ்வளவு தட்டைன்னு தெரியணும். கொண்டு வரலையா?"

காலர் அக்கா விழித்தாள். செருப்பை அவள் மறந்தே போயிருந்தாள். கணவர் தோள்பையைத் திறந்து, பழைய செய்தித்தாளில் சுற்றி, நாலு பக்கமும் டேப் ஒட்டி, கண்ணாடிச் சாமானைப் போலக் கட்டிய ஒரு பொட்டலத்தை எடுத்தார். பிரிக்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. உள்ளே அவள் வீட்டில் போடும் நீல ரப்பர் செருப்பு, வலது கால் மட்டும்.

"எப்ப எடுத்து வெச்சீங்க?"

"சனிக்கிழமை."

"அஞ்சு நாளா பையிலயா இருக்கு?"

"ஒருவேளை வேணுமோன்னு" என்றார் அவர்.

டாக்டர் செருப்பை உள்ளங்கையில் வைத்து, குதிகால் பக்கத்தையும் விரல் பக்கத்தையும் அளவுகோலால் அளந்தார். கழுவித் துடைத்து வைத்த செருப்பு. பதினான்கு மாதமாக யாரும் போடாததால் அதில் அவள் விரல்களின் பள்ளம் மட்டும் அப்படியே இருந்தது. "சரி" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு, டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார். அட்டையைக் கணவர் எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். நல்ல அட்டையைத் தூக்கிப் போட அவருக்கு மனசு வராது.

எலும்பு சேர நாலு மாதம் என்று டாக்டர் சொன்னது ஐந்தரை ஆனது. நடுவில் ஒரு மாதம் காயம் ஆறாமல் பயமுறுத்தியது. இடுப்பில் எலும்பெடுத்த இடம் காலைவிட அதிகம் வலித்தது, அதை யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. கட்டைப் பிரித்த அன்று, நீலச் செருப்பில் காலை நுழைத்துத் தரையில் ஊன்றியபோது உப்புத்தாள் சத்தம் கேட்கவில்லை. மரக்கால் போலத்தான் இருந்தது. ஆனால் அமைதியாக இருந்தது.

எட்டாவது மாதம் வேலைக்குப் போனாள். பழைய மெஷினில் ஏணி இருந்தாள். எழுந்திருக்கப் போனவளை, "உக்காரு, உன் பெடல் எனக்கு எட்டாது" என்று சொல்லிவிட்டு, வரிசையின் கடைசியில் காலியாக இருந்த மெஷினில் போய் உட்கார்ந்தாள். ஊன்றுகோலை மேஜை ஓரத்தில் சாய்த்தாள். பெடலில் காலை வைத்தாள். குதிகால் படிந்தது, முன்பாதம் படியவில்லை. மெல்ல நாற்காலியின் நுனிக்கு நகர ஆரம்பித்தாள். உடம்பு தானாகவே நகர்ந்தது.

நடுவில் நின்றாள். மறுபடி பின்னால் நகர்ந்து, நாற்காலியின் முதுகில் தன் முதுகு படும்படி உட்கார்ந்தாள். அந்தப் பக்கமாக ஸ்பானரோடு போய்க்கொண்டிருந்தவனை, "மெக்கானிக்" என்று கூப்பிட்டாள். குரல் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. வரிசையில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அவன் மேஜைக்கு அடியில் போய் மல்லாந்து படுத்தான். நட்டு தளரும் சத்தம் கேட்டது.

"எவ்வளவு அக்கா?"

"கொஞ்சம் கிட்ட."

பெடல் நகர்ந்து பாதத்தின் கீழே வந்தது.

"போதுமா?"

"போதும்" என்றாள், கேள்வி முடிவதற்குள்.

அவன் நட்டை முடுக்க ஆரம்பித்தான். அவள் காலைப் பார்த்தாள். விரல்களுக்குக் கீழே இன்னும் ஒரு விரல் இடைவெளி இருந்தது.

"இரு" என்றாள். "போதாது. இன்னும் கொஞ்சம் கிட்ட. அப்புறம் முன்பக்கத்தைத் தூக்கிச் சாய்க்கணும்."

 நட்டு மறுபடி தளர்ந்தது. செக்கிங் மேஜையிலிருந்து நாத்தனார் ஒரு சட்டையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் காலரில் ஊசி முனையைத் தாண்டி மூன்று தையல் ஓடிவிட்டது. கொம்பு. பிரித்தாள். இரண்டாவதில் இரண்டு தையல்.

காலர் அக்கா மூன்றாவதை எடுத்து ஊசிக்கடியில் வைத்தாள்.